கடலுக்குப் போகும் சந்து

மயிலாப்பூர்க்காரர்கள் தங்களைக் கடற்கரை ஊர்க்காரர்கள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கோயில் என்போம், குளம் என்போம், மாட வீதி என்போம், அறுபத்து மூவர் என்போம். கடல் அந்த வரிசையில் வராது. ஆனால் லஸ்ஸிலிருந்து கச்சேரி ரோட்டைப் பிடித்து நேராக நடந்தால் சற்று நேரத்தில் சாந்தோம் வந்துவிடும். அதைத் தாண்டினால் மணல்தான். சம்பந்தர் மயிலையில் பாடிய பூம்பாவைப் பதிகம் ஊரின் மாதத் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும். அதில் மாசி மாதத்துக்கு வருவது கடலாட்டு. பழைய கபாலீசுவரர் கோயிலே கடலோரத்தில்தான் இருந்தது, போர்த்துகீசியர் சாந்தோமில் கோட்டை கட்டிய காலத்தில் அது அழிந்தது, இன்றைய கோயில் உள்ளே தள்ளிப் பிறகு எழுந்தது என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். சாமி இடம் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. மாசி மகத்தன்று இன்றும் அவர் கடற்கரைக்குப் போய்த் தீர்த்தவாரி முடித்துத்தான் திரும்புகிறார்.

எங்கள் வீடு காரணீசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில், ஓட்டு வீடுகள் ஒன்றோடு ஒன்று முதுகு சேர்த்து நின்ற ஒரு தெருவில் இருந்தது. அறுபதுகளில் பிறந்தவள் நான். மாசி மகத்துக்கு ஆயா எங்களை விடியலுக்கு முன்பே எழுப்பிக் கூட்டிப் போவார். அப்பாவைப் பெற்றவர். ஈரப் புடவையோடு கரையேறி, சாமி பல்லக்கு பக்கம் கைகூப்பிவிட்டு, ஒரு பித்தளைச் சொம்பில் கடல் தண்ணீர் மொண்டு வருவார். அந்தத் தண்ணீரை வீடு முழுக்கத் தெளிப்பார். கடல் எங்களுக்கு அப்போது சுற்றுலா இடமாக இருக்கவில்லை. அது கோயிலின் ஒரு பகுதி, தெருவின் கடைசி.

கடலை எங்கள் வாசலுக்குத் தினமும் கொண்டுவந்தவர் ஒருவர் இருந்தார். நொச்சிக்குப்பத்திலிருந்து அன்னக்கூடையில் மீன் சுமந்து வருவார். நாங்கள் மீன்காரக்கா என்போம். நெத்திலி, கவளை, சங்கரா, காரப்பொடி, நல்ல நாளில் வஞ்சிரம். திண்ணையில் உட்கார்ந்து ஆயாவோடு வெற்றிலை போட்டுக்கொண்டே பேசுவார். அவர் பேச்சில் ஊர்ப் பெயர்கள் வந்து விழும். அண்ணன் காசிமேட்டில், தங்கையைக் கொடுத்தது கோவளத்தில், மாமியார் பிறந்தது மாபலிபுரத்துக்கு அந்தண்டை, பெரிய பெண்ணுக்குப் பேசி முடித்திருப்பது நெம்மேலி பக்கம் ஒரு குப்பத்தில். பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் பட்டினவர் குப்பங்கள் இப்படித்தான் பெண் கொடுத்தும் எடுத்தும் பின்னிக் கிடக்கின்றன என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பத்து வயதில் எனக்குத் தெரிந்தது, இவருக்குக் கரை முழுக்கச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும்தான்.

நாங்கள் அந்தக் கரையை வேறு மாதிரி தெரிந்துகொண்டோம். பள்ளிக்கூட லீவில் அப்பா எங்களைப் பல்லவன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தெற்கே போவார். மந்தைவெளி, திரு.வி.க. பாலம், அடையாறு. திருவான்மியூரில் மருந்தீசுவரர் கோயில் தாண்டியதும் ஊர் முடிந்துவிடும். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. எதிரே ஒரு லாரி வந்தால் பஸ் ஓரம் கட்டி மண்ணில் இறங்க வேண்டும், அவ்வளவு ஒடுக்கமான ரோடு. ஆனால் சவுக்கு மரங்களுக்கு நடுவே கடல் கூடவே வந்தது. இடது பக்க ஜன்னல் சீட்டுக்கு நானும் தம்பியும் அடித்துக்கொள்வோம். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், கானத்தூர் என்று கண்டக்டர் கூப்பிடும் பெயர்கள் எல்லாம் எங்களுக்கு ஒரே நீலக் கோட்டில் கோத்த பெயர்கள்.

ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. கோல்டன் பீச் வந்தபோது ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. டிக்கெட் வாங்கி உள்ளே போனால் சிற்பங்கள், ராட்டினம், அதற்குப் பின்னால் கடல். வாசலில் காவல்காரர் உடையில் ஒருவர் சிலையாக நிற்பார். கண் கொட்டமாட்டார், சிரிக்கமாட்டார். அவரைச் சிரிக்கவைக்கத் தமிழ்நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் முகத்தைக் கோணிப் பார்த்தார்கள், நாங்களும் பார்த்தோம். அந்த மனிதர் வெயிலில் எத்தனை மணி நேரம் அப்படி நிற்கிறாரோ என்று அம்மா கவலைப்பட்டார். எனக்கு அது அன்று புரியவில்லை. இப்போது அந்தச் சுற்றுலாவை நினைத்தால் ராட்டினத்துக்கு முன்னால் நினைவுக்கு வருவது அம்மாவின் அந்தக் கவலைதான்.

மறுநாள் காலை மீன்காரக்கா வந்தபோது நாங்கள் கதை கதையாகச் சொன்னோம். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு ஆயாவைத்தான் கேட்டார்: “இன்னா பெரியம்மா, அம்மாந்தூரம் பஸ்ஸு ஏறி, டிக்கெட்டு வாங்கினு போயி கடல பாத்துட்டு வந்தாங்களாமா? இங்க கச்சேரி ரோட்டு முனையில கெடக்கறது இன்னா, கொளமா?” ஆயா, “பசங்க ஆசப்பட்டுச்சுங்க, போய்ட்டு வந்துச்சுங்க, வுடு” என்றார். அக்கா விடவில்லை. “நம்ம ஊட்டாண்ட வந்தா நானே காட்டுறேன். எங்க தெருவுல நேரா போனா கடலு. எவன் கேப்பான்?” என்றார்.

ஐம்பது வருடமாகிறது. அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாமல்லபுரம் அப்பாவின் ஊர் மாதிரி. அவர் பிறந்தது அங்கே இல்லை. கல்கி படித்ததால் வந்த உறவு. ரசிகமணி டி.கே.சி.யோடு அந்தக் கடற்கரையில் உட்கார்ந்திருந்த ஒரு இரவில்தான் ‘சிவகாமியின் சபதம்’ மனதில் முளைத்தது என்று கல்கி எழுதியிருப்பதை அப்பா எங்களுக்குக் கடற்கரைக் கோயில் அருகே வைத்துச் சொல்வார். சொல்லிவிட்டு, அது எந்த இடமாக இருக்கும் என்று சுற்றிலும் பார்ப்பார். பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ பாடியது பக்கிங்காம் கால்வாயில் படகில் வந்து என்பதையும் அவர்தான் சொன்னார். எங்களால் நம்ப முடியவில்லை. எங்கள் பிள்ளைப் பருவத்தில் மயிலாப்பூர் கால்வாய் என்பது மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் சாக்கடை. ஆனால் அன்று ராத்திரி ஆயா சத்தியம் பண்ணினார். சவுக்கு விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் மயிலாப்பூருக்குள் வந்து நிற்குமாம். துடுப்புப் போட முடியாத இடங்களில் ஆட்கள் கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்து வருவார்களாம். ஆந்திராவிலிருந்து மரக்காணம் வரை கடலுக்கு இணையாக ஓடிய தண்ணீர்ப் பாதை அது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு ஆள் பிடித்து, அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே தோண்டி இணைத்தார்கள். அந்த வழியில்தான் எங்கள் பறக்கும் ரயிலின் தூண்கள் இன்று நிற்கின்றன. கடலோர ஊர்களை மயிலாப்பூரோடு முதலில் சேர்த்தது சாலை இல்லை, அந்தக் கால்வாய். அதில் வந்தவை நம் அடுப்புக்கு விறகும் நம் சோற்றுக்கு உப்பும்.

மாமல்லபுரத்தில் அப்போது எனக்குப் பிடித்தது கோயில்களைவிட உளிச் சத்தம். 1957-இல் அரசு சிற்பப் பள்ளி தொடங்கிய பிறகு அது வளர்ந்து கல்லூரியானது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து ரதம் போகும் வழி முழுக்கப் பட்டறைகள். ‘டக் டக்’ என்று பத்துப் பதினைந்து இடத்திலிருந்து ஒரே சமயம் வரும். இன்று அங்கே மின்சார ரம்பத்தின் கூச்சலும் கல் தூசியும். இருந்தாலும் ஒரு முகத்தின் கண்ணைத் திறக்கும்போது அவர்கள் உளியைத்தான் கையில் எடுக்கிறார்கள். ராஜசிம்மன் கடலோரத்தில் கோயில் எடுத்து 1300 ஆண்டு ஆன பிறகும் அதே கல்லில் அதே வேலை நடக்கிற ஊர் வேறு எங்கே இருக்கிறது? 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது கல் மட்டும்தான். கை சேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கரையில் நல்லெண்ணத்தோடு வந்து குடியேறியவர்களும் உண்டு. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணி செய்து விற்ற காசைச் சேர்த்து, ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் வேர் பிடித்தது. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா 1996-இல் வந்தது. இந்த மூன்றுக்கும் என் மகளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். பணம் வாங்கினாலும் எதையோ கற்றுக்கொடுத்து அனுப்பும் இடங்கள்.

1998-இல் கிழக்குக் கடற்கரைச் சாலை திறந்தது. குப்பங்களையும் கிராமங்களையும் இணைத்துக் கிடந்த துண்டு ரோடுகளை அகலப்படுத்தி, புதுச்சேரி வரை ஒரே சாலையாக்கினார்கள். சில வருடங்களில் உத்தண்டியில் சுங்கச்சாவடி வந்தது. முதன்முறை புதிய சாலையில் போனபோது எங்களுக்கெல்லாம் சந்தோஷம். நான்கு மணி நேரம் குலுங்கிப் போன புதுச்சேரி மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. நான் அப்போதும் இடது பக்க ஜன்னலில்தான் உட்கார்ந்தேன். அப்போது கடல் தெரிந்தது.

எந்த வருடம் தெரியாமல் போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சவுக்குத் தோப்புகள் மனைகளாயின. மனைகளைச் சுற்றிச் சுவர் வந்தது. சுவர்கள் உயர்ந்தன. பண்ணை வீடு, கல்யாண மண்டபம், ரிசார்ட், மறுபடி பண்ணை வீடு. ஒரு நாள் பேரனைக் காரில் வைத்துக்கொண்டு போகும்போது அவன், “பாட்டி, கடல் எங்கே?” என்று கேட்டான். ஈஸ்ட் கோஸ்ட் ரோடு என்று பெயர்ப்பலகை இருந்தது. கடல் முந்நூறு மீட்டரில் இருந்தது. திருவான்மியூரிலிருந்து முட்டுக்காட்டுப் பாலம் வரும்வரை அவனுக்கு அதைக் காட்ட எனக்கு இடம் கிடைக்கவில்லை.

கடற்கரை யாருடையது என்று இந்த நாடு யோசிக்காமல் இல்லை. கரையிலிருந்து 500 மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்று 1981-இல் இந்திரா காந்தி மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். பத்து வருடம் கழித்து, 1991 பிப்ரவரியில், அது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாகச் சட்ட வடிவம் பெற்றது. 2011-இல் மாற்றி எழுதினார்கள். 2019-இல் மறுபடி எழுதியபோது, மக்கள் நெருக்கமுள்ள ஊரகக் கரைகளில் 200 மீட்டராக இருந்த கட்டடத் தடையை 50 மீட்டராகச் சுருக்கிவிட்டார்கள். இந்த எண்கள் காகிதத்தில் சிறியவை. கரைவலை இழுக்கிற ஆட்கள் இரண்டு வரிசையாக நின்று, கயிற்றைப் பிடித்துப் பின்னாலேயே நடந்து வருவதைப் பார்த்தவர்களுக்குத்தான் 50 மீட்டர் எவ்வளவு குறைவு என்று தெரியும். படகு ஏற்ற இடம் வேண்டும், வலை காயவைக்க இடம் வேண்டும், நெத்திலி உலர்த்த இடம் வேண்டும். மணல் வெறுமனே கிடக்கிறது என்று நினைப்பவர்கள் அதில் வேலை செய்யாதவர்கள்.

அந்த மணலை நான் ஒரே ஒரு தடவைதான் தொடர்ச்சியாக நடந்து பார்த்தேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் ஆமை நடைக்குக் கூட்டிப் போனாள். மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று 1988-லிருந்து ஒவ்வொரு வருடமும் ஜனவரி முதல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியில் நடக்கிறது. முட்டையிட வரும் பங்குனி ஆமையின் தடத்தைத் தேடி, மணலில் புதைத்த நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை நாய்களும் ஆட்களும் எடுத்துவிடாமல் பொரிப்பிடத்துக்குக் கொண்டு சேர்ப்பார்கள். நாற்பத்தைந்து நாள் வாக்கில் குஞ்சு வெளிவரும். கடல் பக்க வெளிச்சத்தைப் பார்த்து ஊர வேண்டிய குஞ்சுகள், ஊர் விளக்குகள் அதைவிடப் பிரகாசமாக இருப்பதால் ரோட்டை நோக்கி ஊர்ந்து செத்துப்போகின்றன என்று அந்தப் பிள்ளைகள் சொன்னார்கள்.

ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். சாலையில் நான் பார்த்த சுவர்களுக்கெல்லாம் அன்று பின்புறத்தைப் பார்த்தேன். சில சுவர்கள் அலை தொடும் இடம் வரை வந்திருந்தன. அங்கே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கித்தான் தாண்ட முடிந்தது. குப்பம் வருகிற இடங்களில் மட்டும் கரை அகலமானது. படகுகளுக்கு நடுவே வலைமேல் படுத்திருந்தவர்கள் எழுந்து, எங்கே தடம் பார்த்தோம், எங்கே பார்க்கவில்லை என்று சொன்னார்கள். ஒருவர் டீ கொடுத்தார். விடியும் நேரத்தில் எலியட்ஸ் பீச்சுக்கு வந்தோம். முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய் 1930-இல் உயிர்விட்ட டேனிஷ் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவு வளைவு அங்கே நிற்கிறது. அதன் படியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டினேன். நான் பிறந்த ஊரின் கரையை அன்றுதான் பார்த்த மாதிரி இருந்தது.

சுனாமி பற்றி எழுதாமல் தாண்டிவிட நினைத்தேன். முடியவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. மார்கழி என்பதால் தெருவெல்லாம் கோலம். ஒன்பது மணி வாக்கில் சாந்தோம் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். முதலில் யாருக்கும் புரியவில்லை. கடல் உள்ளே வந்துவிட்டது என்றார்கள். ஈரத் துணியோடு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பில்லாமல், கச்சேரி ரோடு முழுக்க. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் குடிசைகளைத் தண்ணீர் வாரிப் போயிருந்தது. காலை நேரம் மணலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள், நடைப்பயிற்சிக்குப் போனவர்கள், மீன் இறக்கிக்கொண்டிருந்தவர்கள். எங்கள் தெருவில் அன்று அத்தனை வீட்டிலும் உலை வைத்தார்கள். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தவர்களுக்கு நானும் சோறு எடுத்துப் போனேன்.

மீன்காரக்காவுக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. கூடை தூக்குவதை நிறுத்தி நாளாகியிருந்தது. மூன்றாம் நாள்தான் அவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். மகன் பிழைத்துவிட்டான், படகு போய்விட்டது. நெம்மேலி பக்கம் கொடுத்த பெண்ணின் வீட்டுக்காரர் வரவில்லை. சொந்தங்கள் கரை முழுக்க இருந்ததால் துக்கமும் கரை முழுக்க இருந்தது. காசிமேட்டுக்கும் கோவளத்துக்கும் மாபலிபுரத்துக்கும் அவர் அந்த வாரம் சாவு வீடு சாவு வீடாகப் போனார். “கடல திட்டாத கண்ணு” என்றார் என்னிடம். நான் திட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. “அதுகிட்டதான் நாளைக்கும் போவணும்.”

அதே அலை மாமல்லபுரத்தில் உள்வாங்கியபோது கடலுக்குள் வரிசையாகக் கற்கள் தெரிந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மணல் அரித்துப்போன இடங்களில் செதுக்கிய பாறைகள் வெளிவந்தன. சாளுவன்குப்பத்தில் தெரிந்த கல்வெட்டுப் பாறையைப் பின்தொடர்ந்து தொல்லியல் துறை தோண்டியபோது, பல்லவர்க்கும் முந்தைய செங்கல் முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. செய்தித்தாள்கள் பல நாள் அதைப் பற்றி எழுதின. அப்பா இருந்திருந்தால் முதல் பஸ் பிடித்துப் போயிருப்பார். எனக்கு அப்போது போகத் தோன்றவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் போனேன்.

புதுச்சேரியைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மணல் பற்றி எனக்குப் பாடம் எடுத்த ஊர் அது. எண்பதுகளின் தொடக்கத்தில், கல்லூரியிலிருந்து போனபோது, காந்தி சிலைக்குக் கீழே மணலில் இறங்கி ஓடியிருக்கிறோம். மகளோடு மறுபடி போனபோது அங்கே கருங்கல் குவியல்தான் இருந்தது. அலை கல்லில் மோதித் தெறிப்பதைச் சுற்றுலா வந்தவர்கள் அழகு என்று படம் எடுத்தார்கள். தெற்கே எண்பதுகளின் கடைசியில் துறைமுகம் கட்டி, கடலுக்குள் கல்சுவர் நீட்டியதன் விளைவு அது. நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகிறது. ஒரு வருடத்துக்குப் பல லட்சம் கன மீட்டர். நடுவே ஒரு சுவர் வைத்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். வடக்கே இருந்த குப்பங்கள்தான் வீட்டை இழந்தன. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கடியில் தடுப்பு ஒன்றை இறக்கிய பிறகு, 2018 வாக்கில், கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. இன்று பிள்ளைகள் அங்கே மறுபடி ஓடுகிறார்கள்.

இந்தக் கணக்கு புரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் மெரினாவும் இப்படி வந்ததுதான். 1870-களில் மதராஸ் துறைமுகத்தின் கல்சுவர்கள் எழும்பத் தொடங்கிய பிறகு அதன் தெற்கே சேர்ந்த மணல்தான் மெரினாவை அவ்வளவு அகலமாக்கியது. 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் கரையோரம் நடைபாதை போட்டு அந்தப் பெயரையும் வைத்தார். துறைமுகத்துக்கு வடக்கே, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, கரை அன்றிலிருந்து தேய்ந்துகொண்டே இருக்கிறது. தெருக்களையும் கோயில்களையும் கடல் எடுத்துக்கொண்டது. நாங்கள் சுண்டல் தின்ற மணல் வடசென்னைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல்.

கரை முழுக்கச் சொந்தம் சொன்ன மீன்காரக்காவின் பேச்சு எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது அப்போதுதான். புதுச்சேரி கரை, கோவளம் கரை, எலியட்ஸ் பீச், மெரினா என்று நாம் தனித்தனியாகப் பெயர் வைத்து, தனித்தனியாகப் போய்ப் பார்க்கிறோம். ஆனால் கரை ஒன்றுதான். கோவளத்தில் தூண்டில் வளைவு என்ற கல்சுவர் போட்டால் அதன் வடக்கே இருக்கும் குப்பம் கேட்கிறது, எங்கள் மணல் எங்கே என்று. பெண் கொடுத்து எடுக்கிற அந்த வழியிலேயே மணலும் போய்க்கொண்டிருக்கிறது.

கோவளத்துக்கு இப்போதெல்லாம் நான் அடிக்கடி போகிறேன். ஆற்காட்டு நவாப் கட்டிய கோட்டையை 1752-இல் கிளைவ் பிடித்துத் தகர்த்த ஊர். தர்காவும் மாதா கோயிலும் மீன் சந்தையும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. உள்ளூர் மீனவர் மூர்த்தி மேகவன் 2012-இல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். அலையைப் படித்துத் தெரிந்த பிள்ளைகள் அதே அறிவை வைத்துப் பெங்களூரிலிருந்து வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மீன்காரக்காவின் தங்கை பேரனும் அவர்களில் ஒருவன். காலையில் படகு, மீன் இல்லாத நாளில் பலகை. “கடல பாத்தா போதும் ஆயா, எப்ப எறங்கணும்னு தெரிஞ்சுரும்” என்கிறான். சுற்றுலா என்றால் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. வருகிறவன் கற்றுக்கொள்கிறான், இருக்கிறவன் வாழ்கிறான், இரண்டு பேருக்கும் நடுவில் சுவர் இல்லை. 2021-இல் கோவளத்துக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. குளிக்க இடம், கழிப்பறை, சுத்தமான மணல், சக்கர நாற்காலி போகப் பாதை எல்லாம் வந்தது. வரவேற்கிறேன். அந்தக் கொடி நடுவதற்கு அடுத்த இடம் தேடும்போது, அங்கே ஏற்கெனவே வலை காயப்போடுகிறவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். எங்கள் நொச்சிக்குப்பத்திலேயே, கரைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடும் லூப் ரோட்டில் மீன் விற்கிறவர்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2023-இல் அப்புறப்படுத்தப் பார்த்தார்கள். பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அடுத்த வருடம் கட்டிக்கொடுத்த மீன் அங்காடிக்கு இன்று போகிறேன். கல் மேடையும் தண்ணீர்க் குழாயும் இருக்கின்றன, நல்லதுதான். ரோடு வருவதற்கு முன்னால் அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதை யாராவது எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

மீன்காரக்கா இப்போது இல்லை. நெம்மேலி பக்கம் வாழ்க்கைப்பட்ட அவர் பெண் இன்னும் அங்கேதான் இருக்கிறார். போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர். அதை அடுத்து 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று 2024-இல் திறந்தது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் அந்தக் கடலும் இருக்கிறது. இதை அவரிடம் சொன்னேன். “தெரியும்க்கா” என்றார். “உங்களுக்குத் தண்ணி வருது. எங்களுக்குக் கடலு வூட்டாண்ட வருது.” கரை அரித்துப் படகு ஏற்ற இடம் குறைந்திருப்பதை நடந்து காட்டினார். கல் கொட்டியிருக்கிறார்கள், கல்லில் படகு ஏறாது.

சாலையிலிருந்து அவர் வீட்டுக்குப் போகும் சந்து இரண்டு ரிசார்ட் சுவர்களுக்கு நடுவே போகிறது. ஒரு மீன்வண்டி போகிற அகலம்தான். அதற்கும் இரும்புக் கேட் போட ஒரு தடவை முயற்சி நடந்ததாம். ஊர்ப் பஞ்சாயத்தார் கூடி நின்று வேண்டாம் என்றார்களாம். நான் நின்ற அரைமணி நேரத்தில் அந்தச் சந்து வழியாக ஐஸ் பெட்டி போனது, பள்ளிக்கூடப் பையோடு பிள்ளைகள் வந்தார்கள், திருப்போரூர் போய்விட்டு வந்த ஒரு குடும்பம் பாட்டியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு கடல் பார்க்க இறங்கியது. கேட்பவர் யாரும் இல்லை. மீன்காரக்காவின் பெண் அந்தப் பாட்டிக்கு உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, “மாசி மகத்துக்குப் பேரன கூட்டினு இங்க வாக்கா, இன்னும் கரை இருக்கு” என்றார் என்னிடம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.